பெற்றோருக்கு மெடிகேர்: ஐந்தாண்டு நிறையும்போது எடுக்க வேண்டிய முடிவுகள்

கேள்வி: நான் நியூ ஜெர்சியில் 19 ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன்; அமெரிக்கக் குடியுரிமை பெற்றவன். என் அப்பாவுக்கு 72 வயது, அம்மாவுக்கு 68. அப்பா தஞ்சாவூர்ப் பக்கம் அரசுப் பள்ளியில் முப்பது ஆண்டுக்கு மேல் பணியாற்றித் தலைமை ஆசிரியராக ஓய்வு பெற்றவர். இருவரும் 2021 செப்டம்பரில் கிரீன் கார்டுடன் இங்கே வந்தார்கள். நடுவில் 2023இல் தங்கை கல்யாணத்துக்காக நான்கு மாதம் ஊரில் தங்கிவிட்டுத் திரும்பினார்கள். அப்பாவுக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது, இதயத்தில் ஸ்டென்ட்டும் வைத்திருக்கிறது. அம்மாவுக்கு இரத்த அழுத்தமும் முழங்கால் வலியும். மாநிலக் காப்பீட்டுச் சந்தையான மார்க்கெட்பிளேஸில் மானியம் எதுவும் இல்லாமல் முழுப் பிரீமியம் கட்டிக் காப்பீடு வைத்திருக்கிறோம். வரும் செப்டம்பரில் ஐந்தாண்டு நிறைகிறது. முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேருக்கு இத்தனை ஆண்டு நான் வரி கட்டியிருக்கிறேனே, அந்தக் கணக்கில் பெற்றோருக்கு மெடிகேர் இலவசமாகக் கிடைக்காதா? செலவைக் குறைக்கப் பார்ட் பி மட்டும் எடுத்தால் போதுமா? ஏஜென்ட் ஒருவர் ‘ஜீரோ பிரீமியம்’ திட்டம் என்று சொல்கிறார், அதில் சேர்க்கலாமா? ஊருக்குப் போயிருக்கும்போது உடம்புக்கு ஏதாவது வந்தால் மெடிகேர் பணம் தருமா?

பதில்: அன்புடையீர், வணக்கம். கேட்ட எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறேன். அதற்கு முன் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டில் இந்த ஆண்டு எடுக்க வேண்டிய பெரிய முடிவுகள் இரண்டுதான். மருத்துவமனைச் செலவுக்கான பார்ட் ஏ, மருத்துவர் மற்றும் புறநோயாளிச் செலவுக்கான பார்ட் பி இரண்டையும் ஒரே நேரத்தில் வாங்குவதா என்பது ஒன்று. அவை தொடங்கியபின் வரும் ஆறு மாதத்துக்குள் அப்பாவுக்கு மெடிகேப், அதாவது மெடிகேர் விட்டுவைக்கும் செலவை ஏற்கும் தனியார் துணைக் காப்பீடு, எடுப்பதா என்பது மற்றொன்று. இரண்டாவது வாய்ப்பு உங்கள் மாநிலத்தில் ஒருமுறை தவறினால் மீண்டும் அதே சலுகையோடு வராது என்பதால்தான் இந்தப் பதிலைச் சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

வரி பற்றிய கேள்விக்குப் பதில், கிடைக்காது என்பதுதான். நீங்கள் கட்டிய மெடிகேர் வரியின் பலன் உங்களுக்கும், உங்களுடைய கணக்கைக் கொண்டு உங்கள் மனைவிக்கும் வந்து சேருமே தவிரப் பெற்றோருக்குப் போகாது. பார்ட் ஏ பிரீமியம் இல்லாமல் கிடைக்க வேண்டுமானால் அதில் சேருபவரோ அவருடைய கணவர் அல்லது மனைவியோ அமெரிக்காவில் 40 காலாண்டு, அதாவது ஏறக்குறைய 10 ஆண்டு, வரி பிடித்தம் செய்யப்பட்ட வேலை பார்த்திருக்க வேண்டும். தஞ்சாவூரில் அப்பா ஆற்றிய பணி எவ்வளவு நீண்டதாக இருந்தாலும் இந்தக் கணக்கில் ஏறாது. பெற்றோர் நாளை அமெரிக்கக் குடியுரிமை பெற்றாலும் பார்ட் ஏ அதனால் இலவசமாகிவிடாது. இதைப் பலர் தவறாக நினைத்துக் காத்திருக்கிறார்கள். இங்கே சிறு வேலை பார்த்துக் காலாண்டுகளைச் சேர்க்கச் சட்டத்தில் இடம் உண்டு. 2026இல் 1,890 டாலர் ஊதியத்துக்கு ஒரு காலாண்டு வீதம் ஆண்டுக்கு நான்கு வரை சேரும். 30 காலாண்டு சேர்ந்தால் பார்ட் ஏ பிரீமியம் பாதியளவுக்குக் குறையும். ஆனால் 72 வயதில், ஸ்டென்ட் வைத்த உடம்போடு, அதற்காக ஒருவரை ஏழரை ஆண்டு வேலைக்கு அனுப்புமாறு நான் சொல்ல மாட்டேன்.

அவர்களுக்குத் திறந்திருக்கும் வழி பணம் கட்டி வாங்குவது. 65 வயது நிறைந்து, கிரீன் கார்டோடு, விண்ணப்பிக்கும் மாதத்துக்கு முந்தைய ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து இந்நாட்டில் வசித்தவர்கள் பார்ட் பி-யில் சேரலாம், பார்ட் ஏ-யை விலைக்கு வாங்கலாம். 2025 ஜூலையில் கையெழுத்தான சட்டம் வேறு சில வகைக் குடியேறிகளுக்கு மெடிகேர் கதவை அடைத்திருக்கிறது. அதைக் கேள்விப்பட்டுப் பல குடும்பங்கள் கலங்கிப்போய் எழுதுகின்றன. கிரீன் கார்டு வைத்திருப்பவர்களின் உரிமையை அந்தச் சட்டம் எடுத்துவிடவில்லை. அப்பாவுக்கு 72 ஆகிவிட்டதே, 65இலிருந்து ஏழு ஆண்டு தாமதத்துக்கு அபராதம் விழுமோ என்ற பயமும் வேண்டாம். தகுதியே இல்லாத ஆண்டுகளுக்கு அபராதம் கிடையாது. அவருடைய தகுதி தொடங்குவதே ஐந்தாண்டு நிறைந்த பிறகுதான்.

அந்த ஐந்தாண்டு எந்த நாளில் தொடங்கியது என்பதைக் கார்டே சொல்லும். கிரீன் கார்டின் முன்பக்கத்தில் ‘ரெசிடென்ட் சின்ஸ்’ என்று அச்சிட்டு அதன் எதிரே ஒரு தேதி இருக்கும்; இருவருடைய கார்டிலும் அதைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். 2023இல் ஊரில் இருந்த நான்கு மாதத்தை நினைத்துக் கவலைப்பட வேண்டாம். ஆறு மாதத்துக்கு உட்பட்ட பயணங்கள் பொதுவாகச் சிக்கல் தருவதில்லை. அதற்கு மேல் நீண்டால்தான் வசிப்பிடம் இங்கேதான் இருந்ததா என்று அலுவலகம் விளக்கம் கேட்கும். இருந்தாலும் பழைய, புதிய பாஸ்போர்ட்டுகள், விமான டிக்கெட், மார்க்கெட்பிளேஸ் காப்பீட்டுக் கடிதங்கள், அவர்கள் பெயரில் உள்ள வங்கிக் கணக்கு அறிக்கைகள் ஆகியவற்றை ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள். இந்த ஆண்டு தீபாவளிக்கு ஊருக்குப் போகும் எண்ணம் இருந்தால், அதைப் பொங்கலுக்குத் தள்ளிப் போடச் சொல்வேன். செப்டம்பர் முதல் டிசம்பர் வரை அவர்கள் இங்கே இருக்க வேண்டிய மாதங்கள்.

விண்ணப்பத்தைச் சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். ஆகஸ்டிலேயே தொலைபேசியில் நேரம் வாங்குங்கள். அப்போதே மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்டால் கட்டணம் இல்லாமல் ஏற்பாடு செய்வார்கள். ஐந்தாண்டு நிறைந்தவுடன் விண்ணப்பத்தைக் கொடுத்துவிடுங்கள். எக்காரணத்தைக் கொண்டும் டிசம்பரைத் தாண்ட விடாதீர்கள். தாண்டினால் பொதுப் பதிவுக்காலமான ஜனவரி 1 முதல் மார்ச் 31 வரையில்தான் சேர முடியும். அதுவரை மார்க்கெட்பிளேஸ் பிரீமியத்தை நீங்களே சுமக்க வேண்டியிருக்கும். அதையும் தவறவிட்டால் அபராதக் கணக்கு தொடங்கிவிடும். பார்ட் பி-யில் சேராமல் கழியும் ஒவ்வொரு முழு 12 மாதத்துக்கும் பிரீமியத்தில் 10 விழுக்காடு கூடும், அது ஆயுள் முழுவதும் தொடரும். இரண்டு ஆண்டு தாமதித்தவருக்கு இந்த ஆண்டுப் பிரீமியக் கணக்கில் மாதம் ஏறக்குறைய 40 டாலர் கூடுதலாக விழும்.

அந்த அலுவலகத்தில் படிவத்தைக் கையில் வாங்கும்போது அதன் கீழ் மூலையில் உள்ள எண்ணைப் பாருங்கள். சிஎம்எஸ்-4040 என்று இருந்தால் அது பார்ட் பி மட்டும் கேட்பவர்களுக்கான படிவம். பார்ட் ஏ-யை விலைக்கு வாங்க விண்ணப்பிக்கும் படிவம் சிஎம்எஸ்-18-எஃப்-5. பார்ட் பி-யும் சேர்த்து வேண்டும் என்று அதிலேயே தெரிவிக்கலாம். பார்ட் ஏ-க்குப் பணம் கட்டிச் சேருபவர்கள் குறைவு என்பதால், கவுன்ட்டரில் இருப்பவர் பார்ட் பி மட்டும்தான் என்று நினைத்துப் பதிவு செய்துவிட வாய்ப்பு உண்டு. இரண்டும் வேண்டும் என்பதை வாயாலும் சொல்லுங்கள், படிவத்திலும் உறுதிசெய்துகொள்ளுங்கள், ஏற்றுக்கொண்டதற்கான ரசீது கேட்டு வாங்குங்கள்.

இனிப் பார்ட் பி மட்டும் போதுமா என்ற கேள்வி. செலவு கருதி எழும் நியாயமான கேள்வி இது. ஏனென்றால் தொகை சிறியதல்ல. 2026இல் 30 காலாண்டுக்கும் குறைவாக உழைத்தவருக்குப் பார்ட் ஏ பிரீமியம் மாதம் 565 டாலர். பார்ட் பி 202 டாலர் 90 சென்ட். இரண்டும் சேர்த்து ஒருவருக்கு 767 டாலர் 90 சென்ட், இருவருக்கும் மாதம் 1,535 டாலர் 80 சென்ட். பார்ட் ஏ-யை விட்டுவிட்டால் அதில் 1,130 டாலர் மிச்சம் என்று தோன்றும். ஆனால் பார்ட் பி என்பது மருத்துவர் கட்டணம், பரிசோதனைகள், புறநோயாளி சிகிச்சை, ஆம்புலன்ஸ் போன்றவற்றுக்கானது. மருத்துவமனையில் உள்நோயாளியாகச் சேர்ந்தால், அங்கே வந்து பார்க்கும் மருத்துவருக்குப் பார்ட் பி பணம் தரும். படுக்கை, செவிலியர், அறுவை அரங்கு, உள்நோயாளிக்குத் தரும் மருந்து என மருத்துவமனை போடும் பில்லுக்குப் பார்ட் ஏ இல்லாதவர் தன் கையிலிருந்துதான் கட்ட வேண்டும். ஏற்கெனவே ஸ்டென்ட் வைத்தவர் இன்னொருமுறை நெஞ்சுவலியோடு சேர்க்கப்பட்டால் அந்த ஒரு பில்லே பல ஆண்டுப் பிரீமியத்தை விழுங்கிவிடும். ஆதரவாளர் என்ற முறையில் ஐ-864 பத்திரத்தில் கையெழுத்திட்டிருப்பவர் நீங்கள். அவர்களைப் பராமரிக்கும் பொறுப்பும் உங்கள் தலையில்தான் இருக்கிறது.

பார்ட் பி மட்டும் எடுப்பதால் வரும் வேறு ஒரு இழப்பை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. தனியார் நிறுவனங்கள் நடத்தும் மெடிகேர் அட்வான்டேஜ் திட்டத்தில் சேர ஏ, பி இரண்டும் வேண்டும். மெடிகேப் விற்கும் நிறுவனங்களும் இரண்டும் இருக்க வேண்டும் என்கின்றன. ஆனால் மெடிகேப்பை உடல்நிலை பற்றிக் கேள்வி கேட்காமல் கொடுத்தே தீர வேண்டிய அந்த ஆறு மாதம், 65 வயது கடந்தவருக்குப் பார்ட் பி தொடங்கிய மாதத்திலிருந்து ஓடத் தொடங்கிவிடும். பார்ட் ஏ-யை அடுத்த ஆண்டு வாங்கிக்கொள்ளலாம் என்று தள்ளிப் போட்டால், அது கைக்கு வரும்போது இந்த ஆறு மாதம் முடிந்துபோயிருக்கும். அதோடு, தாமதமாக வாங்கும் பார்ட் ஏ-க்குப் பிரீமியத்தில் 10 விழுக்காடு அபராதமும் உண்டு. எத்தனை ஆண்டு தாமதமோ அதைப்போல் இரு மடங்கு காலம் அதைக் கட்ட வேண்டும். ஆகவே வாங்குவதானால் இரண்டையும் சேர்த்து, ஒரே விண்ணப்பத்தில், ஒரே தேதியில் தொடங்கும்படி வாங்குங்கள். இப்போது கட்டும் மார்க்கெட்பிளேஸ் பிரீமியத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மானியம் இல்லாமல், 64 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கான உச்ச விகிதத்தில் நீங்கள் கட்டுகிறீர்கள் என்பதால் மெடிகேருக்கு மாறுவதில் உங்களுக்குப் பெரிய சுமை கூடாது என்றே எதிர்பார்க்கிறேன்.

உங்கள் சம்பளத்தைப் பார்த்து அவர்களுடைய பிரீமியத்தை உயர்த்துவார்களோ என்ற ஐயம் பலருக்கு வரும். உயர்த்த மாட்டார்கள். கூடுதல் பிரீமியம் சேருபவரின் வரிக்கணக்கில் உள்ள வருமானத்தை வைத்துத்தான் வரும். 2026இல் தனி நபருக்கு 109,000 டாலரையும் தம்பதிக்கு 218,000 டாலரையும் தாண்டினால்தான் அந்தப் பேச்சு எழும். அப்பாவின் ஓய்வூதியம் அந்த எல்லைக்கு அருகில்கூட வராது.

ஏ, பி இரண்டும் வந்தபின் அவற்றில் உள்ள இடைவெளிகளை எப்படி அடைப்பது என்பதில்தான் ‘ஜீரோ பிரீமியம்’ என்ற பேச்சு வருகிறது. பார்ட் ஏ-யில் ஒவ்வொரு மருத்துவமனைக் காலத்துக்கும் முதல் 1,736 டாலரை நோயாளி கட்ட வேண்டும். பார்ட் பி-யில் ஆண்டுக்கு முதல் 283 டாலரும், அதன் பிறகு பொதுவாக 20 விழுக்காடும் அவருடைய பொறுப்பு. அந்த 20 விழுக்காட்டுக்கு மேல்வரம்பு கிடையாது. இதை அடைக்க இரு வழிகள். ஒன்று, அரசே நடத்தும் ஏ, பி எனும் அசல் மெடிகேரோடு மெடிகேப் காப்பீடும் தனியாகப் பார்ட் டி மருந்துத் திட்டமும் வாங்குவது. மற்றொன்று, மெடிகேர் அட்வான்டேஜ் என்ற தனியார் திட்டத்துக்குள் எல்லாவற்றையும் ஒப்படைப்பது. ஏஜென்ட் சொல்வது இரண்டாவதை. அது ஜீரோ என்பது அந்தத் திட்டத்தின் கூடுதல் பிரீமியத்துக்கு மட்டும். மேலே சொன்ன 767 டாலர் 90 சென்ட்டை அதில் சேர்ந்தாலும் கட்டிக்கொண்டேதான் இருக்க வேண்டும். இதை அவர் உங்களிடம் விளக்கிச் சொன்னாரா என்று பாருங்கள்.

அட்வான்டேஜ் திட்டங்களைக் குறை சொல்வது என் நோக்கமன்று. பல், கண்ணாடி போன்ற, அசல் மெடிகேர் பெரும்பாலும் தராதவற்றை அவற்றில் பல தருகின்றன. ஆண்டுச் செலவுக்கு மேல்வரம்பும் உண்டு, 2026இல் வலையமைப்புக்குள் அதிகபட்சம் 9,250 டாலர். ஆனால் அந்தத் திட்டத்தின் பட்டியலில் உள்ள மருத்துவர், மருத்துவமனைகளோடு நின்றுகொள்ள வேண்டும், பெரிய பரிசோதனைக்கும் அறுவைக்கும் முன் அனுமதி பெற வேண்டும், பட்டியல் ஆண்டுதோறும் மாறும். அப்பாவின் இதய மருத்துவர் இந்த ஆண்டு பட்டியலில் இருந்து அடுத்த ஆண்டு விலகினால் நீங்கள் திண்டாட வேண்டியிருக்கும். அப்போது மெடிகேப்புக்கு மாறலாம் என்று நினைத்தால், நியூ யார்க், கனெக்டிகட், மாசசூசெட்ஸ், மெய்ன் போன்ற சில மாநிலங்கள் நீங்கலாகப் பெரும்பாலான மாநிலங்களில், உங்கள் நியூ ஜெர்சியிலும், காப்பீட்டு நிறுவனம் நோய் விவரம் கேட்டு மறுக்கலாம். சர்க்கரையும் ஸ்டென்ட்டும் உள்ளவருக்கு அந்த மறுப்பு ஏறக்குறைய நிச்சயம்.

அதனால் அப்பாவுக்கு என் பரிந்துரை தெளிவானது: அசல் மெடிகேர், மெடிகேப் பிளான் ஜி, ஒரு பார்ட் டி திட்டம். பிளான் ஜி-யில் ஆண்டுக்கு அந்த 283 டாலரைக் கட்டிவிட்டால் மெடிகேர் ஏற்றுக்கொண்ட சிகிச்சைக்கு மேற்கொண்டு ஏறக்குறைய எதுவும் கையிலிருந்து போகாது. நாடு முழுவதும் மெடிகேர் ஏற்கும் எந்த மருத்துவரிடமும் போகலாம். வேலைக்காக நீங்கள் டெக்சாஸுக்குக் குடிபெயர்ந்தாலும் அந்தக் காப்பீடு கூடவே வரும். பிளான் எஃப் பற்றி யாராவது சொன்னால், 2020 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ 65 வயது நிறைந்தவர்களுக்கு, அதாவது அம்மாவுக்கு, அது கிடையாது என்று தெரிந்துகொள்ளுங்கள். பிளான் ஜி-யின் பலன்களைச் சட்டமே வரையறுத்திருப்பதால் எந்த நிறுவனத்தில் வாங்கினாலும் அவை ஒன்றே, விலைதான் வேறுபடும். ஆகவே மூன்று நான்கு நிறுவனங்களில் விலை கேட்டு, கடந்த சில ஆண்டுகளில் எவ்வளவு உயர்த்தினார்கள் என்றும் கேட்டு வாங்குங்கள்.

முன்பே இருந்த நோய்க்கு ஆறு மாதம் வரை காத்திருப்புக் காலம் வைக்க மெடிகேப் நிறுவனத்துக்கு உரிமை உண்டு. ஆனால் அதற்கு முன் ஆறு மாதமாவது முறையான காப்பீடு இருந்து, இடையில் 63 நாளுக்கு மேல் இடைவெளி விழாமல் இருந்தால் அந்தக் காத்திருப்பு பொருந்தாது. நீங்கள் சிரமப்பட்டுக் கட்டிவந்த மார்க்கெட்பிளேஸ் காப்பீடு இந்த இடத்தில் கைகொடுக்கிறது. அது இருந்ததற்கான கடிதத்தை நிறுவனத்திடம் கேட்டு வாங்கி வையுங்கள்.

அம்மாவுக்கும் இதையே எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மெடிகேரில் குடும்பத் திட்டம் என்று எதுவும் கிடையாது. ஒவ்வொருவரும் தனித்தனிக் கணக்கு. பணம் இறுக்கமாக இருந்தால் அம்மாவை ஒரு நல்ல அட்வான்டேஜ் திட்டத்தில் சேர்ப்பதில் தவறில்லை. ஆனால் அவருடைய ஆறு மாத வாய்ப்பும் அப்பாவுடையதைப் போலவே ஒருமுறை வருவது என்பதை அவருக்கும் சொல்லி, அவர் விருப்பத்தையும் கேட்டு முடிவு செய்யுங்கள். முழங்கால் மாற்று அறுவை சில ஆண்டுகளில் தேவைப்படலாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தால் நான் அவருக்கும் மெடிகேப் பக்கமே சாய்வேன். அசல் மெடிகேரிலும் சில நுணுக்கங்கள் உண்டு. அறுவைக்குப் பின் செவிலியர் பராமரிப்பும் உடற்பயிற்சிச் சிகிச்சையும் தரும் மையத்தில் தங்கிக் குணமாவதற்குப் பணம் கிடைக்க, அதற்கு முன் மூன்று நாள் மருத்துவமனையில் உள்நோயாளியாக இருந்திருக்க வேண்டும். உள்நோயாளியாகச் சேர்க்காமல் ‘அப்சர்வேஷன்’ (கண்காணிப்பு) என்று எழுதி வைத்திருந்த இரவுகள் அந்த மூன்றில் சேராது. சேர்த்த அன்றே எந்த நிலையில் வைத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். மேலும் 2026 ஜனவரி முதல் நியூ ஜெர்சி உள்ளிட்ட ஆறு மாநிலங்களில், முழங்கால் தேய்மானத்துக்கான ஆர்த்ராஸ்கோபி (சிறு துளை வழியே செய்யும் மூட்டுச் சிகிச்சை) போன்ற சில சிகிச்சைகளுக்கு அசல் மெடிகேரிலும் முன் அனுமதி முறையைச் சோதித்துப் பார்க்கிறார்கள்.

மருந்துக்குப் பார்ட் டி. ஊரிலிருந்து வருபவர்கள் பெட்டியில் ஆறு மாத மாத்திரை கொண்டுவருவது நம் வீடுகளில் வழக்கம். தஞ்சாவூர் மெடிக்கலில் விலை குறைவு என்பதும் உண்மைதான். ஆனால் அது காப்பீடு ஆகாது. பார்ட் டி-யும் அதற்கு ஈடான வேறு காப்பீடும் இல்லாமல் தொடர்ந்து 63 நாளோ அதற்கு மேலோ போனால், தாமதமான ஒவ்வொரு மாதத்துக்கும் தேசிய அடிப்படைப் பிரீமியத்தில் ஒரு விழுக்காடு அபராதம் சேரும். 2026இல் அந்த அடிப்படை 38 டாலர் 99 சென்ட். இப்போதைய பார்ட் டி முன்பைவிட மிகவும் நல்லது. பட்டியலில் உள்ள மருந்துகளுக்கு ஆண்டில் 2,100 டாலருக்கு மேல் கையிலிருந்து போகாது. இன்சுலின் மாதம் 35 டாலருக்கு மேல் இல்லை. சர்க்கரைக்கான ஜானுவியா, ஜார்டியன்ஸ் உள்ளிட்ட பத்து மருந்துகளுக்கு அரசு பேசி முடித்த விலை இந்த ஆண்டு ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. அப்பா இந்திய மருத்துவர் எழுதிக் கொடுத்த பெயரில் மாத்திரை எடுப்பவராக இருந்தால், அதன் மூலப்பெயரும் மில்லிகிராம் அளவும் எழுதிய பட்டியல் ஒன்றை இங்குள்ள மருத்துவரிடம் சரிபார்த்து, மெடிகேர் இணையதளத்தின் ஒப்பீட்டுப் பக்கத்தில் அந்த மருந்துகளை உள்ளிட்டே திட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். அக்டோபர் 15 முதல் டிசம்பர் 7 வரை ஒவ்வோர் ஆண்டும் அதை மீண்டும் சரிபார்க்க வேண்டும்.

ஊரில் உடம்புக்கு வந்தால் மெடிகேர் பணம் தராது. தஞ்சாவூரிலோ சென்னையிலோ ஆகும் மருத்துவமனைச் செலவுக்கு அதில் இடமில்லை. மெடிகேப் பிளான் ஜி-யில் ஒரு சிறு உதவி உண்டு: பயணத்தின் முதல் 60 நாளுக்குள் தொடங்கும் அவசரச் சிகிச்சைக்கு, 250 டாலர் கழித்து மீதியில் 80 விழுக்காடு தருவார்கள், ஆயுளுக்கு 50,000 டாலர் வரை. அதற்கு மேல் தங்குவதானால் தனிப் பயணக் காப்பீடோ ஊரில் ஒரு காப்பீடோ வேண்டும். அட்வான்டேஜ் திட்டத்தில் இருப்பவர் தன் சேவைப் பகுதிக்கு வெளியே ஆறு மாதத்துக்கு மேல் தங்கினால் பொதுவாகத் திட்டத்திலிருந்தே நீக்கப்படுவார். ஆண்டில் பாதியை ஊரில் கழிக்க விரும்பும் பெரியவர்களுக்கு அது பொருந்தாது என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

குறைந்த வருமானத்தாருக்கான மாநிலத்தின் மெடிகெய்ட் வழியாகப் பிரீமியத்துக்கு உதவி கிடைக்குமா என்று ஒருமுறை கேட்டுப் பார்ப்பதில் நஷ்டமில்லை. ஆனால் ஆதரவாளரின் வருமானத்தையும் சேர்த்துப் பார்க்க விதி இருப்பதால் உங்கள் நிலையில் அதை நம்பித் திட்டமிட வேண்டாம். ஷிப் எனப்படும் மாநில ஆலோசனைச் சேவை நியூ ஜெர்சியிலும் உண்டு. அங்கே கட்டணம் இல்லை, எந்தத் திட்டத்தை விற்றாலும் அவர்களுக்குக் கமிஷனும் இல்லை. ஏஜென்ட்டிடம் கையெழுத்திடுவதற்கு முன் அவர்களிடம் ஒருமுறை உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

பெற்றோருக்குச் சோஷியல் செக்யூரிட்டி ஓய்வூதியம் இல்லை என்பதால் பிரீமியம் அதில் பிடிக்கப்படாது. மாதந்தோறும் பில் அவர்கள் பெயருக்குத் தபாலில் வரும். விளம்பரக் கடிதங்களோடு கலந்து வரும் அந்த உறையை யாரும் கிழித்துப் போட்டுவிடக் கூடாது, ஏனென்றால் தொடர்ந்து கட்டாவிட்டால் காப்பீடு ரத்தாகிவிடும். வங்கிக் கணக்கிலிருந்து தானாகக் கழியும் ஏற்பாட்டை முதல் மாதத்திலேயே செய்துவிடுங்கள். மெடிகேர் எப்போதும் மாதத்தின் முதல் தேதியில் தொடங்கும். விண்ணப்பித்ததற்கு அடுத்த மாதத்திலிருந்து நடைமுறைக்கு வரும். சிவப்பு, வெள்ளை, நீல நிறத்தில் வரும் அட்டையில் ‘ஹாஸ்பிட்டல்’, ‘மெடிக்கல்’ என்ற இரு வரிகளும் இருக்கின்றனவா, இரண்டுக்கும் எதிரே ஒரே தேதி இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு வரி மட்டும் இருந்தால் அன்றே அலுவலகத்தைத் தொடர்பு கொள்ளுங்கள். இரண்டும் சரியாக இருந்தால், அந்தத் தேதிக்கு முந்தைய மாதக் கடைசியோடு மார்க்கெட்பிளேஸ் காப்பீட்டை முடித்துக்கொள்ள எழுதிக் கொடுங்கள். அட்டை கைக்கு வருவதற்கு முன் அதை நிறுத்த வேண்டாம்.